கழிச்சோ?

வேலந்தாவளம் சோதனைச்சாவடியில்
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே
ஒரு மைசூர்பாகு டப்பாவுக்குள் இருந்தது.
மூடியில் ஆணியால் குத்திய நான்கு ஓட்டை.
என் சுண்டுவிரல் நீளம், வால் சேர்க்காமல்.

மகஜரில் எட்டாவது கட்டம்: நிறம்.
பச்சை என்று எழுதினேன்.
முத்திரை வைக்க வந்து எட்டிப்பார்த்த பிரசன்னன் சார்
'எந்தா துளசிமணி, இது பச்சயாணோ?' என்றார்.
கரிக்கட்டை மாதிரி இருந்தது அதற்குள்.
அடித்துவிட்டுக் கறுப்பு என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டுக்கொண்டார்.

கோர்ட் திங்கட்கிழமைதான்.
அதுவரை தொண்டிப் பொருள் என் பொறுப்பு.
அந்த அறையில் ஏற்கனவே இருந்தவை
இரண்டு சந்தனக்கட்டை, ஒரு நாட்டுத் துப்பாக்கி,
சக்கரம் கழன்ற ஒரு டிவிஎஸ்.
எதுவும் பசிக்கிறது என்று சொன்னதில்லை.
இதுவும் சொல்லவில்லை.

பாலக்காட்டிலிருந்து டாக்டர் ஷெஹனாஸ் போனில்:
கிண்ணத்துத் தண்ணீர் அதன் கண்ணுக்குத் தண்ணீரே இல்லை,
இலையில் சொட்டி அசைந்தால்தான்.
அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடமோ
அதைவிடப் பெரிய பூச்சி வேண்டாம்.
அப்புறம், பார்க்காதே.
முக்கியமாக, பார்க்காதே.

தக்காளிப் பெட்டியை நிமிர்த்திக் கொசுவலை சுற்றினேன்.
உள்ளே ஒரு புங்கங்கிளை.
மேலே பழைய குளுக்கோஸ் குழாய், சொட்டுக்குச் சொட்டு.
கண்ணிடைவெளியைத் தீக்குச்சியால் அளக்கப் போனால்
ஒரு கண் தீக்குச்சியைப் பார்த்தது.
இன்னொரு கண் ஜன்னல் வழியே
மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மனுஷரைத் திட்டத்தான் அந்தப் பெயரைச் சொல்லிப் பழக்கம்.
மெதுவாக, பச்சோந்தி, என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.
திட்டினதுபோலவே இருந்தது.
விட்டுவிட்டேன்.

குட்டி வெட்டுக்கிளிகள் தமிழ்நாட்டுப் பக்கத்துச் சோளக்காட்டில்.
ஐந்து பிடித்து
பெர்மிட் இல்லாமல் எல்லை கடத்தி வந்தேன்.
அது அசையவில்லை.
அவை அதன் முதுகில் ஏறி இறங்கின.

ராத்திரி ஒன்பதுக்கு டாக்டர்:
'கழிச்சோ?'
இங்கே ஏழு வருஷம் வேலை பார்த்தும்
அந்தச் சொல் என் காதில் முதலில் தமிழில்தான் விழுகிறது.
சாப்பிட்டதா என்கிறார் அவர்.
வெளிக்கு இருந்ததா என்று கேட்கிறது எனக்கு.
இல்லை டாக்டர். ரெண்டும் இல்லை.

லாரி பிரேக் போடும்போதெல்லாம்
கிளையில் ஒரு கோடு கறுக்கும்.
சனி இரவு கோழி லாரிக்காரனிடம்
எஞ்சினை அணைக்கச் சொன்னேன்.
ஏன் என்றான்.
உள்ளே ஒருத்தர் சாப்பிடணும் என்றேன்.
அணைத்தான். கோழிகள்தான் அடங்கவில்லை.

விடியுமுன் டார்ச்சைக் கையால் பொத்தி
விரலிடுக்கில் ஒருமுறை, ஒரே முறை.
தூக்கத்தில் வெளுத்திருந்தது, கஞ்சித்தண்ணி நிறம்,
வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு.
எட்டாவது கட்டத்துக்கு மூன்றாவது பதில்.

ஞாயிறு மத்தியானம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து
போன வருஷத்து வண்டிப் பதிவேட்டைப் படித்தேன்.
கேஎல் ஒன்பது, டிஎன் நாற்பத்தொன்று, வைக்கோல்,
டிஎன் நாற்பத்தொன்று, காலி.
பின்னால் ஒரு சத்தம்,
நாக்கில் தொட்ட ஸ்டாம்பு பிரிவதுபோல.
திரும்பவில்லை.
அப்புறம் எண்ணினேன். நான்கு.
ஒன்று வலை ஓட்டையில் போயிருக்கலாம்.

திங்கள் காலை, கீழே விரித்த பேப்பரில்
ஒரு வேட்பாளரின் நெற்றிமேல்
அரிசி அளவு, கறுப்பு, நுனியில் வெள்ளை.
அதே தீக்குச்சியால் பிரித்தேன்.
ஒரு வெட்டுக்கிளிக் கால்,
முள்வரிசை கெடாமல்.

'கழிச்சோ?'
கழிச்சது டாக்டர், கழிச்சது!
அவர் அவருடைய சொல்லுக்குச் சிரித்தார்,
நான் என்னுடையதற்கு.

வெளியே ஜீப் ஹாரன்.
மாஜிஸ்திரேட் லீவாம். இனி வியாழக்கிழமைதானாம்.
கூண்டுப் பக்கம் பார்க்காமல்
காலி மைசூர்பாகு டப்பாவை எடுத்துக்கொண்டு
சோளக்காட்டுக்கு நடந்தேன்.